இருதயத்தில் படியும் இரும்பு

கிருஷ்ணகிரி ஜில்லாவுக்கும் இரும்புக்கும் உள்ள உறவு இன்று நேற்று ஏற்பட்டதன்று. மயிலாடும்பாறையில் நடந்த அகழ்வாராய்ச்சியைக் கொண்டு, இப்பகுதி மக்கள் 4,200 வருஷங்களுக்கு முன்பே இரும்பை உபயோகித்தார்கள் என்று 2022-ம் வருஷம் மே மாதத்தில் தமிழ்நாடு சர்க்கார் அறிவித்தது. அந்தப் பழம் பெருமைக்குக் குறைவில்லாமல், இன்றைக்கு ஹோசூரில் லாரிகளும் மோட்டார் சைக்கிள்களும் கடிகாரங்களும் உருவாகின்றன. பெங்களூர் சாலையில் விடியற்காலையில் நின்று பார்த்தால், ஷிப்டு மாறும் தொழிலாளிகளை ஏற்றிக்கொண்டு பஸ்கள் வரிசையாகப் போவதைக் காணலாம். இரும்பு இந்த எல்லைப்புறத்துக்குச் சோறு போடுகிறது.

ஆனால், இதே ஊர்களில் இரும்பினாலேயே உயிருக்கு மன்றாடும் குழந்தைகளும் இருக்கிறார்கள். அவர்கள் தொழிற்சாலைக்குள் கால் வைத்தவர்கள் அல்லர். அவர்களுடைய இருதயத்துக்குள் இரும்பு படிகிறது. அதைப் படிய வைப்பது அவர்களை உயிரோடு வைத்திருக்கும் இரத்தமே!

இது என்ன விபரீதம் என்று நேயர்கள் கேட்கலாம். இரும்புச் சத்து நல்லது, முருங்கைக் கீரை சாப்பிட வேண்டும், பேரீச்சம்பழம் சாப்பிட வேண்டும் என்றுதானே சின்ன வயது முதல் கேட்டு வந்திருக்கிறோம்? பள்ளிக்கூடத்திலும் வாரந்தோறும் பிள்ளைகளுக்கு இரும்புச் சத்து மாத்திரையை நாமே கையில் கொடுத்து விழுங்கச் செய்கிறோம். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பிள்ளைகளுக்கு அது நல்லதுதான். மிச்சமுள்ள ஒரு சிலரைப் பற்றியே இந்தக் கட்டுரை.

வியாதியின் பெயர் தலசீமியா. 1925-ம் வருஷம் அமெரிக்காவில் டெட்ராயிட் நகரத்துக் குழந்தை வைத்தியரான டாக்டர் தாமஸ் கூலி இதை முதலில் விவரித்தார். மத்தியதரைக் கடலோரத்து ஜனங்களிடம் அதிகம் காணப்பட்டபடியால், கடல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லைக் கொண்டு பின்னர் பெயரிட்டார்கள். கடலுக்கு இருநூறு மைல் தள்ளி இருக்கும் நம் போன்றவர்களுக்கு இதில் சம்பந்தமில்லை என்று எண்ணிவிடக் கூடாது. கல்கத்தாவில் 1938-லேயே இந்த வியாதி கண்டறியப்பட்டுவிட்டது. இன்று நம் தேசத்தில் வருஷந்தோறும் ஏறக்குறையப் பத்தாயிரம் குழந்தைகள் கடுமையான தலசீமியாவோடு பிறக்கின்றன என்று மதிப்பிடுகிறார்கள். அத்தனை பெரிய ஜனத்தொகையில் இது அபூர்வ வியாதிதான். குழந்தையைப் பெற்றவர்களுக்கு அபூர்வம் என்ற சொல் ஆறுதல் தராது.

இரத்தத்துக்குச் சிவப்பு நிறம் கொடுத்து, மூச்சுக் காற்றில் உள்ள பிராணவாயுவை உடல் முழுதும் சுமந்து செல்வது ஹீமோகுளோபின். அதைச் சரியாகச் செய்வதற்கான விதை தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாகக் குழந்தைக்கு வருகிறது. இரண்டில் ஒன்று பழுதானாலும் கவலையில்லை. அப்படிப்பட்டவர் சாதாரணமாக உழைத்து, கல்யாணம் செய்துகொண்டு, பேரன் பேத்தி எடுத்துவிடலாம். தம்மிடம் பழுது இருப்பதே அவருக்குத் தெரியாது. தாய், தந்தை இருவருமே அப்படிப்பட்டவர்களாக அமைந்துவிட்டால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு அபாயம். இரண்டு பழுதுகளையும் பெற்ற குழந்தை பிறக்கும்போது நன்றாகவே இருக்கும். ஆறு மாதம், ஒரு வருஷம் ஆவதற்குள் வெளுத்து, சோர்ந்து, வயிறு உப்பிவிடும். தானாக நல்ல இரத்தம் ஊறாது.

சொந்தத்துக்குள் கல்யாணம் செய்துகொள்ளும் வழக்கம் நம் பக்கத்தில் எவ்வளவு என்று சொல்ல வேண்டியதில்லை. தாய்மாமனுக்குப் பெண்ணைக் கொடுப்பது உரிமையாகவே கருதப்படுகிறது. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் நூற்றுக்கு 28 பெண்கள் உறவினரையே மணந்தவர்கள் என்று தெரிந்தது. எல்லைக்கு அப்பால் கன்னட நாட்டிலும் இதே கதைதான். ஒரே பாட்டனிடமிருந்து ஒரே பழுது இரு கிளைகளிலும் இறங்கி வந்து, மணமேடையில் மறுபடியும் சந்தித்துக்கொள்கிறது. அந்நியத்தில் மணந்தவர்களுக்கு வராது என்றும் சொல்வதற்கில்லை.

இப்படிப்பட்ட குழந்தையை என்ன செய்வது? பிறருடைய இரத்தத்தை ஏற்ற வேண்டும். ஒரு தடவை இரண்டு தடவை அல்ல. மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை, வாழ்நாள் முழுவதும். இரத்தம் ஏறியதும் முகம் மலர்கிறது. குழந்தை ஓடி விளையாடுகிறது. பெற்றோர், 'பிழைத்தது பிள்ளை' என்று பெருமூச்சு விடுகிறார்கள்.

இங்கேதான் கணக்கு ஒன்று போட்டுப் பார்க்க வேண்டும். நாம் வாத்தியார் ஆகையால், கணக்கில்லாமல் எதையும் ஒப்புக்கொள்வதில்லை. ஒரு பை இரத்தத்தில் சுமார் 200 மில்லி கிராம் இரும்பு இருக்கிறது. பன்னிரண்டு வயதுப் பையனுக்கு மூன்று வாரத்துக்கு இரண்டு பை என்று வைத்துக்கொண்டால், வருஷத்தில் ஏறக்குறைய 34 பை. அதாவது ஏழு கிராமுக்குக் கொஞ்சம் குறைய இரும்பு. வளர்ந்த மனிதன் ஒருவனுடைய உடலில் உள்ள இரும்பு மொத்தமே மூன்று நான்கு கிராம்தான். வரவு இப்படியிருக்க, செலவு என்ன? உடல் ஒரு நாளைக்கு ஒரு மில்லி கிராமுக்கு மேல் இரும்பை வெளியே தள்ளாது. சேமிக்கத் தெரிந்த உடலுக்குச் செலவழிக்கத் தெரியவில்லை!

மிஞ்சிய இரும்பு முதலில் கல்லீரலில் குடியேறுகிறது. பிறகு கணையத்துக்கும் மற்றச் சுரப்பிகளுக்கும் போகிறது. கடைசியில் இருதயத்தின் வாசலைத் தட்டுகிறது. கால்சியம் நுழைவதற்காக இருதயத் தசையில் அமைந்திருக்கும் சிறு வழிகளிலேயே இரும்பும் புகுந்துவிடுகிறது. புகுந்தது, தசைக்குள் நச்சுப் பொருள்களை உண்டாக்குகிறது. துடிப்பின் தாளம் தவறுகிறது, தசை தளர்கிறது. 1964-ம் வருஷம் நியூயார்க்கில் டாக்டர் மேரி ஆலன் எங்கிள் என்ற அம்மையாரும் அவருடைய சகாக்களும் இதை விரிவாக எழுதினார்கள். அக்காலத்தில் இருதயம் தளர ஆரம்பித்த பிள்ளைகளில் பெரும்பாலோர் ஒரு வருஷத்துக்குள் இறந்தார்கள். தலசீமியாப் பிள்ளைகளை நெடுங்காலமாகக் கொன்று வந்தது இரத்தக் குறைவைக் காட்டிலும் இந்த இருதய நோயே.

இதில் மிகவும் கொடியது என்னவென்றால், இருதயம் கடைசி வரையில் வாயைத் திறப்பதில்லை. பையன் பள்ளிக்கூடம் வருகிறான், பந்து விளையாடுகிறான், பரீட்சை எழுதுகிறான். இரும்போ வருஷக் கணக்காக உள்ளே ஏறிக்கொண்டிருக்கிறது. மூச்சு வாங்குகிறது, கால் வீங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது என்று சொல்லும்போது காலம் வெகுவாகக் கடந்துவிடுகிறது.

தளி பக்கத்திலிருந்து வந்து நம்மிடம் படித்த ஒரு பையனின் தாயாரோடு ஒரு முறை பேசிக்கொண்டிருந்தோம். தகப்பனார் ஹோசூரில் ஒரு லேத்துப் பட்டறையில் வேலை செய்பவர். "மாசம் தவறாமல் ரத்தம் ஏத்திக்கிட்டுத்தான் வரோம், ஐயா. புள்ளை நல்லாத்தான் இருக்கான். அந்த மாத்திரையைப் போட்டா வயித்தைப் பிரட்டுதுங்கிறான். நல்லா இருக்கிற புள்ளைக்கு எதுக்கு மாத்திரைன்னு நிறுத்திட்டோம்" என்றார் அந்த அம்மாள். அவர் சொன்னதில் நியாயம் இல்லை என்று எப்படிச் சொல்வது? இரத்தம் ஏற்றினால் மறுநாளே பலன் கண்ணுக்குத் தெரிகிறது. மாத்திரையை விழுங்கினால் பத்து வருஷம் கழித்து ஒன்றும் நேராமல் இருக்கிறது. அவ்வளவுதான் அதன் பலன். நேராத ஒன்றை யார் கண்ணால் காண முடியும்?

பதினான்கு, பதினைந்து வயதில் இந்தத் தொல்லை அதிகமாகிறது. அந்த வயதுப் பிள்ளைகளோடு இருபது வருஷமாகப் பழகிய உரிமையில் ஒன்று சொல்கிறோம். மாத்திரையை ஜன்னலுக்கு வெளியே எறியும் பையன் முரடன் அல்லன். மற்றப் பிள்ளைகளைப் போல் ஒரு நாளாவது இருந்து பார்க்க ஆசைப்படுகிறான். அவனை அதட்டிப் பயனில்லை. அவனுடைய இருதயப் பரிசோதனையின் எண்ணை அவன் கையிலேயே கொடுத்துவிடுவது மேல்.

எந்த எண் என்று சொல்லிவிடுகிறோம். இரும்பின் அளவைக் காட்டுவதற்குப் பொதுவாக ஃபெரிட்டின் என்ற இரத்தப் பரிசோதனை செய்கிறார்கள். அது 1,000-க்குக் கீழ் இருப்பது உத்தமம். நீடித்து 2,500-க்கு மேல் நின்றால் இருதயத்துக்கு அபாயம் அதிகம். ஆனால் ஃபெரிட்டின் உடம்பு முழுவதற்குமான பொதுக் கணக்கு. கல்லீரலில் இரும்பு குறைந்து இருதயத்தில் நிறைந்திருப்பதும் உண்டு. மாத்திரை சாப்பிட ஆரம்பித்ததும் கல்லீரல் சீக்கிரம் சுத்தமாகிவிடும். இருதயமோ மெதுவாகத்தான் விட்டுக் கொடுக்கும். ஃபெரிட்டின் இறங்கிவிட்டது என்று மகிழ்ந்திருந்த குடும்பத்தில் பிள்ளையின் இருதயம் தளர்ந்த கதைகள் வைத்திய உலகத்தில் நிறைய உண்டு.

இருதயத்தின் இரும்பை மாத்திரம் தனியாக அளக்க முடியுமா? 2001-ல் லண்டன் ராயல் பிராம்ப்டன் ஆஸ்பத்திரியைச் சேர்ந்த டாக்டர் ஆண்டர்ஸன், டாக்டர் பென்னல் ஆகியோர் முடியும் என்று காட்டினார்கள். எம்.ஆர்.ஐ. என்னும் காந்தப் படக் கருவியில் படுக்க வைத்து, 'டி-டூ ஸ்டார்' என்ற அளவை எடுக்கிறார்கள். இரும்பு காந்தத்தைக் குலைக்கும் என்பது பள்ளிக்கூடத்துப் பாடமல்லவா? இருதயத்தில் இரும்பு அதிகமாக இருந்தால், கருவியில் எழும் சமிக்ஞை சீக்கிரம் மங்கிவிடுகிறது. மங்குவதற்கு எத்தனை மில்லி செகண்டு ஆகிறது என்பதே எண். 20-க்கு மேல் இருந்தால் நிம்மதி. 10-க்கும் 20-க்கும் நடுவில் என்றால் எச்சரிக்கை. 10-க்குக் கீழே போனால் ஆபத்து. 6-க்குக் கீழே போனால் சீக்கிரத்திலேயே இருதயம் தளரக்கூடும். பரீட்சை மார்க்கைப் போலத்தான், இதிலும் குறைந்தால்தான் கவலை. ஆடாமல் அசையாமல் படுத்திருக்கக்கூடிய எட்டு, பத்து வயதிலிருந்து வருஷத்துக்கு ஒரு முறை இதைப் பார்ப்பது நல்லது என்கிறார்கள். ஊசி இல்லை, வலி இல்லை.

இருதயத்தின் வேலைத் திறனை எக்கோ படத்திலும் பார்க்கலாம். ஆனால் அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இரத்தம் குறைவாக உள்ளவர்களின் இருதயம் சாதாரணமாகவே வேகமாகவும் பலமாகவும் இறைக்கும். ஆகவே மற்றவர்களுக்கு 'சரி' என்று சொல்லக்கூடிய எண், தலசீமியா உள்ளவருக்கு வீழ்ச்சியின் தொடக்கமாக இருக்கலாம். போன வருஷத்து எண்ணோடு இந்த வருஷத்து எண்ணை ஒப்பிட்டால்தான் உண்மை விளங்கும்.

இரும்பை வெளியேற்றும் மருந்துகள் மூன்று உண்டு. மூத்தது டெஸ்ஃபெரியாக்ஸமின். மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிடமிருந்து ஸ்விட்ஸர்லாந்தில் பிரித்தெடுத்தது. 1960-களிலிருந்து உபயோகத்தில் இருக்கிறது. இரும்பைக் கட்டிப் பிடித்துச் சிறுநீரிலும் மலத்திலும் கொண்டுபோய் விடும். ஆனால் இதை வாயால் உட்கொள்ள முடியாது. இரவில் எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் வரையில், சிறு பம்பு ஒன்றின் மூலம் தோலுக்கு அடியில் சொட்டுச் சொட்டாகச் செலுத்த வேண்டும். வாரத்தில் ஐந்து முதல் ஏழு இரவுகள்! எத்தனை ஏழைக் குடும்பங்களால் இது முடியும்?

இரண்டாவது மருந்தின் கதையில் நம் தேசத்துக்குப் பங்கு உண்டு. டெஃபெரிப்ரோன் என்ற அந்த மாத்திரை 1980-களின் ஆரம்பத்தில் லண்டனில் உருவாயிற்று. அதை வியாதியஸ்தருக்குக் கொடுக்கலாம் என்று உலகத்திலேயே முதலில் அனுமதித்தது இந்தியாதான். 1990-களின் நடுவில் ஸிப்லா கம்பெனி இங்கே அதை வெளியிட்டது. ஐரோப்பா 1999-ல்தான் அனுமதித்தது. அமெரிக்கா 2011 வரையில் யோசித்தது. பம்பு வாங்க வழியில்லாத ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்கு அது கை கொடுத்தது. அதன் அணுத்திரள் சிறிதாகையால், இருதயத் தசைக்குள்ளேயே புகுந்து இரும்பை இழுத்து வரக்கூடியது என்று பின்னால் தெரிந்தது. ஆனால் இதை உட்கொள்வோரில் ஒரு சிலருக்கு, கிருமிகளோடு போராடும் வெள்ளை அணுக்கள் திடீரென்று அற்றுப்போய்விடும். ஆகவே அடிக்கடி இரத்தப் பரிசோதனை வேண்டும். ஜுரம் வந்தால் அன்றைக்கே மாத்திரையை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய் வெள்ளை அணுக்களை எண்ணிப் பார்க்க வேண்டும். கஷாயம் வைத்துக் கொடுத்து, நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்கவே கூடாது.

மூன்றாவதான டெஃபெராஸிராக்ஸ் 2005-ல் வந்தது. தினம் ஒரு வேளை போதும் என்பதால் இதுவே இன்று பெரும்பாலோருக்குக் கொடுக்கப்படுகிறது. சிறுநீரகத்தையும் கல்லீரலையும் கவனித்துக்கொண்டே வர வேண்டும்.

பிரிட்டனில் டி-டூ ஸ்டார் பரிசோதனையும் இம்மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறையும் வந்த பிறகு, இரும்பினால் நேர்ந்த மரணங்கள் ஏறக்குறைய 70 சதவிகிதம் குறைந்ததாக 2008-ல் கணக்கிட்டார்கள். புதிதாக ஓர் இருதயத்தை யாரும் செய்து வைக்கவில்லை. அளந்து பார்த்தார்கள், அதற்கேற்ப மருந்து கொடுத்தார்கள்.

சரி, இருதயம் தளர்ந்தே போய்விட்டால்? எங்கிள் அம்மையாரின் காலத்தில் அது சாவோலை. இப்போது அப்படியன்று. டெஸ்ஃபெரியாக்ஸமினை இருபத்து நான்கு மணி நேரமும் இடைவிடாமல் இரத்தக் குழாய் வழியாகச் செலுத்துகிறார்கள். கூடவே டெஃபெரிப்ரோனையும் சேர்க்கிறார்கள். சாதாரண இருதய நோய்க்கான மருந்துகள் துணைக்கு உண்டு. ஆனால் இரும்பை எடுக்காமல் அவற்றை மட்டும் கொடுத்தால் வேரை விட்டுவிட்டு இலையைக் கிள்ளுவதாகும். இரத்தம் ஏற்றுவதையும் நிறுத்திவிடக் கூடாது. சிறிது சிறிதாக, மெதுவாக ஏற்ற வேண்டும். தைராய்டு, கால்சியம், சர்க்கரை மூன்றையும் பார்த்துச் சரி செய்ய வேண்டும். இந்தப் பிள்ளைகளுக்கு அவையும் கெட்டுப்போய் இருதயத்தின் பாரத்தைக் கூட்டுவது சகஜம். 'சத்துக்கு' என்று வைட்டமின் ஸி மாத்திரையை யாராவது வாங்கிக் கொடுத்தால், அது உள்ளே கிடக்கும் இரும்பைக் கிளப்பிவிட்டு இருதயத்தைத் தாக்கக்கூடும். வைத்தியர் சொல்லாமல் அதைத் தொடக் கூடாது.

இப்படிச் செய்தால் தளர்ந்த இருதயம் சில மாதங்களில் மீண்டும் நிமிர்ந்து வேலை செய்வதைக் காண்கிறார்கள். வேறு காரணத்தால் தளர்ந்த இருதயங்களுக்கு இப்படிப்பட்ட அதிர்ஷ்டம் அபூர்வம். ஆனால் வேலை சீரடைந்த பிறகும் இரும்பு முழுதும் போவதற்குப் பல வருஷங்கள் பிடிக்கும். நடமாட ஆரம்பித்ததும் மருந்தை நிறுத்தும் குடும்பங்கள் இரண்டாம் முறை ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதாகிறது.

எல்லைப்புறத்தில் வசிப்பவர்களுக்கு ஆஸ்பத்திரிகள் தூரமில்லை. ஹோசூரிலிருந்து பெங்களூர் 40 கிலோமீட்டர்தான். அங்கே இந்திரா காந்தி குழந்தைகள் ஆஸ்பத்திரியில் சங்கல்ப் இந்தியா என்ற தொண்டு ஸ்தாபனத்தார் தலசீமியாப் பிள்ளைகளுக்கென்றே தொண்டு புரிந்து வருகிறார்கள். கிழக்கே போனால் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. கிருஷ்ணகிரியிலேயே 2022-ல் சர்க்கார் மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு மாதம் இங்கே இரத்தம், அடுத்த மாதம் அங்கே. ஒரு சீட்டு தமிழில், ஒன்று கன்னடத்தில், ஒன்று இங்கிலீஷில். வீட்டிலோ தெலுங்கு பேசுகிறார்கள்! ஷிப்டை விட்டுவிட்டு வந்த தகப்பனாருக்கு அன்றையக் கூலி போயிற்று. எந்த வைத்தியரிடமும் முழுக் கதை இல்லை. ஆகையால் நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்றைப் போட்டு, ஏற்றிய தேதி, பை எத்தனை, ஏற்றுவதற்கு முன் ஹீமோகுளோபின் என்ன, ஃபெரிட்டின் என்ன, டி-டூ ஸ்டார் என்ன என்று எழுதி வைத்துக்கொள்ளும்படி நாம் பெற்றோரிடம் சொல்வதுண்டு. மூத்த பெண் பள்ளிக்கூடத்தில் படித்தால் அவளே எழுதிவிடுவாள். தலசீமியா உள்ளவர்களுக்கு இரத்த வங்கிகள் கட்டணம் வாங்கக் கூடாது என்பது தேசிய இரத்தக் கவுன்ஸிலின் விதி. 2016-ம் வருஷத்து மாற்றுத் திறனாளிகள் சட்டத்திலும் இந்த வியாதி சேர்க்கப்பட்டிருக்கிறது. அந்தச் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்வதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

கல்யாணத்துக்கு முன் ஜாதகம் பார்க்கிறவர்கள், ஹீமோகுளோபினைப் பிரித்துக் காட்டும் ஓர் இரத்தப் பரிசோதனையும் பார்த்தால், இருவரும் பழுதைச் சுமப்பவர்களா என்று தெரிந்துவிடும். தெரியாமல் மணந்துகொண்டவர்களும் கர்ப்பத்தின் மூன்றாவது மாதத்துக்குள் சோதித்து அறியலாம். ரசாயன சாஸ்திரத்தைத் திண்ணையில் உட்கார்ந்து பேசுவதுபோல் தமிழில் எழுதிக் காட்டிய ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி, ஹோசூருக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. இந்த விஷயத்தையும் அப்படி யாராவது வீடு வீடாகச் சொன்னால் தேவலை.

வியாதியை அடியோடு போக்கும் சிகிச்சையும் ஒன்று உண்டு. நல்ல எலும்பு மஜ்ஜையை உடன் பிறந்தவரிடமிருந்து எடுத்து வைப்பது. வேலூரில் 1986-லேயே இதைச் செய்து காட்டினார்கள். கூடப் பிறந்த ஒருவருடைய மஜ்ஜை பொருந்துவதற்கு நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. செலவு லட்சக் கணக்கில் ஆகும். 2017-லிருந்து கோல் இந்தியா கம்பெனி ஏழைப் பிள்ளைகளுக்குப் பத்து லட்சம் ரூபாய் வரையில் உதவி செய்ய ஆரம்பித்தது. சிகிச்சைக்கு முன் கல்லீரலும் இருதயமும் நல்ல நிலையில் இருந்தால் வெற்றி அதிகம். மாத்திரையை ஒழுங்காக விழுங்கிய பிள்ளைக்கு அங்கேயும் முன்னுரிமை!

மஜ்ஜை பிடித்துக்கொண்டு, சொந்த இரத்தம் ஊற ஆரம்பித்ததும் எல்லாம் முடிந்துவிட்டதென்று வீட்டில் பாயசம் வைத்துவிடுகிறார்கள். இருதயத்தில் முன்பே படிந்த இரும்பு அங்கேயேதான் இருக்கிறது. அதை எடுப்பதற்கு இப்போது பம்பு வேண்டாம். சில வாரங்களுக்கு ஒரு முறை பையனைப் படுக்க வைத்து, அளவோடு இரத்தத்தை வெளியே எடுத்துவிடுகிறார்கள். குறைந்ததை ஈடு செய்ய உடல் புது இரத்தம் உண்டாக்கும். அதற்கு வேண்டிய இரும்பைச் சேமிப்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். பத்து வருஷமாக ஊரார் இரத்தத்தைப் பையிலிருந்து வாங்கிக்கொண்டிருந்த கை, இப்போது தன் இரத்தத்தைப் பைக்குள் விடுகிறது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக இரும்பு கழிகிறது.